அடாப்டர்ல 12 வோல்ட் காட்டுது, சவுண்ட் கார்டு மட்டும் எழுந்திரிக்கல. உள்ள இருக்கற போர்டு போச்சா?

ஜூன் 14, காலை 9.40

யாராச்சும் வழி சொல்லுங்க பாஸ். பெங்களூரு, கம்மனஹள்ளி, வாடகை வீடு, பின்னாடி ரூம்ல ஃபோம் ஒட்டி ஒரு சின்ன ரெக்கார்டிங் செட்டப். ரெண்டு இன் ரெண்டு அவுட் சவுண்ட் கார்டு, அதாவது மைக்கை லேப்டாப்போட இணைக்கற டப்பா, வெளி அடாப்டர்ல ஓடுறது, 12 வோல்ட் 1 ஆம்ப். நேத்து ராத்திரி நல்ல இடி மழை, கரண்ட் போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. அதோட நான் படுத்துட்டேன். காலைல பாத்தா கார்டுல ஒரு லைட்டும் இல்ல. லேப்டாப்லயும் வரல. ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு ஆறு பாட வேண்டியிருக்கு, கோயில் கோஷ்டி ஞாயித்துக்கிழமை வர்றாங்க. டிரைவரா (கார்டோட பேச லேப்டாப்ல போடற சாஃப்ட்வேர்), இடியா, இல்ல செத்தே போச்சா?

ஜூன் 14, காலை 11.15

வந்த பதில்ல முக்கால்வாசி "டிரைவரை எடுத்துட்டுத் திரும்பப் போடு". அண்ணன்மாரே, கொஞ்சம் யோசிங்க. இந்த டப்பா தனி அடாப்டர்ல ஓடுது. கம்ப்யூட்டர் ஒயரே இல்லாம செருகினாலும் முன்னாடி லைட் எரியணும், இத்தனை நாள் அப்படித்தான் எரிஞ்சுது. டிரைவர் லேப்டாப்புக்குள்ள இருக்கற சாமான், அது இருந்தாலும் இல்லாட்டியும் இங்க இருக்கற எல்இடிக்கு என்ன ஆகப்போகுது?

யூஎஸ்பில இருந்தே கரண்ட் எடுக்கற கார்டு வெச்சிருக்கவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. சில கார்டு கம்ப்யூட்டரோட பேசி முடிச்ச அப்புறம்தான் லைட்டைப் போடும், அதனால அங்க லைட் இல்லைங்கறத வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்ப் வரைக்கும்தான் குடுக்கணும்னு கணக்கு, யூஎஸ்பி 3ல 900. தனி பவர் இல்லாத ஹப்ல (ஒரு போர்ட்டைப் பலதா பிரிக்கற டப்பா) செருகினா ஒரு போர்ட்டுக்கு 100 தான். அந்த ஹப்ல மாட்டிட்டு "கார்டு டெட்"னு அழறவங்க நெறைய.

ஜூன் 14, மதியம்

டிரைவர் கட்சிக்காரங்க விட மாட்டேங்கறாங்க. சரி, அந்தப் பக்கத்தையும் முடிச்சிடுவோம், பின்னாடி படிக்கறவனுக்கு உதவும்.

இந்த மாதிரி கார்டு பெரும்பாலும் யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2ன்ற பொதுவான முறைல பேசும். அதுக்கு மேக்ல தனி டிரைவர் வேண்டாம். லினக்ஸ்லயும் வேண்டாம். விண்டோஸ் மட்டும்தான் ரொம்ப லேட், 2017ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்லதான் உள்ளயே சேத்தாங்க. ஏசியோ (ரெக்கார்டிங்ல தாமதத்தைக் குறைக்கற முறை) வேணும்னா பெரும்பாலும் கம்பெனி டிரைவர் போடணும், அது வேற கதை. அதனால பென்டிரைவ்ல ஒரு லினக்ஸ் போட்டு பூட் பண்ணி, டெர்மினல்ல எல்எஸ்யூஎஸ்பின்னு (lsusb) அடிச்சா லிஸ்ட்ல கார்டு பேர் இருக்கணும். பேர் இருந்தா கார்டு உயிரோட இருக்கு, போய் விண்டோஸோட சண்டை போடு. பேர் இல்லன்னா டிரைவர் பேச்சை விடு. ஓடிஜி கேபிள் இருந்தா போன்ல மாட்டிப் பாக்கறதும் அதே சோதனைதான்.

விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், கோட் 43னு வந்தா ஏதோ ஒண்ணு மாட்டியிருக்குன்னு லேப்டாப்புக்குத் தெரியுது, ஆனா அது ஒழுங்கா பேசல. ஒயர், போர்ட், இல்ல உள்ள அரைகுறை வோல்டேஜ். ஒண்ணுமே வரலன்னா கார்டு மூச்சே விடல.

எனக்கு லினக்ஸ்லயும் ஒண்ணும் வரல.

ஜூன் 14, சாயங்காலம்

ஒயர் மாத்தியாச்சு. சிலது சார்ஜிங் ஒயர், உள்ள டேட்டா கம்பியே இருக்காது, அது தெரியும், பிரிண்டர் ஒயரைக் கழட்டி மாட்டிப் பாத்தேன். அதுவும் இல்ல.

ஜூன் 15, மதியம்

மல்டிமீட்டர் எடுத்தாச்சு. அடாப்டர் முனைல 12.1 வோல்ட். உடனே இங்க எல்லாரும் ஒரே குரல்ல "அடாப்டர் நல்லாருக்கு, போர்டுதான் போச்சு, இடி வாங்கிருச்சு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டீங்க.

எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோடு பக்கம் போனேன், கையோட கார்டையும் அடாப்டரையும் எடுத்துட்டுப் போனேன். ஒரு கடைல அந்த ஆளு மீட்டரை வெச்சாரு, 12 காட்டுச்சு, கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, "போர்டு ஹோகிதே சார், ஆகல்ல, ஹொசது தகொள்ளி"ன்னு (போர்டு போச்சு, ஆகாது, புதுசு வாங்குங்க) கன்னடத்துல சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டாரு. மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கும். காசு எதுவும் வாங்கல, அது வரைக்கும் நல்ல மனுஷன்.

எனக்கு மனசு ஆறல. மீட்டர் அளக்கும்போது அடாப்டர்ல இருந்து கரண்டே இழுக்காது. மீட்டரோட உள் தடை 10 மெகா ஓம், அதாவது ஒரு மைக்ரோ ஆம்ப் சொச்சம்தான் போகும். சும்மா நிக்கறவன்கிட்ட "நல்லாருக்கியா"ன்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். தலைல மூட்டையை வெச்சுட்டுக் கேக்கணும்.

ஜூன் 15, ராத்திரி 11 மணிக்கு மேல

இது நீளமா போகும், பொறுமையா படிங்க.

எஸ்.பி. ரோட்டுல இருந்து பொடிநடையா ஜே.சி. ரோடு. அங்க பூரா வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பைக் இண்டிகேட்டர் பல்பு ரெண்டு, ஹோல்டரோட வாங்கினேன். 12 வோல்ட் 10 வாட். 10ஐ 12ஆல வகுத்தா 0.83 ஆம்ப். என் அடாப்டர்ல 1 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கு, அப்ப இந்தப் பல்பை அது அசால்ட்டா தாங்கணும். லேப்ல வெக்கற எலக்ட்ரானிக் லோடு மெஷின்லாம் நம்ம பட்ஜெட் இல்ல, இது டீக்காசு.

முதல்ல நல்ல அடாப்டர்ல எப்படி எரியும்னு தெரியணும் இல்லயா. வீட்டு வைஃபை ரூட்டர் அடாப்டரும் 12 வோல்ட் 1 ஆம்ப்தான். ஆனா தங்கச்சிக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், அவ மீட்டிங் நடுவுல ரூட்டரைப் புடுங்கினா கார்டுக்கு முன்னாடி நான் செத்துருவேன். அவ அமெரிக்காக்காரங்களோட பேசி முடிக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

ரூட்டர் அடாப்டர்ல பல்பு: பளிச். மீட்டர்ல 11.9. ஆடல, அசையல.

கார்டு அடாப்டர்ல பல்பு: லேசா சிவந்துச்சு, அணைஞ்சுது, சிவந்துச்சு, அணைஞ்சுது. மீட்டர்ல 3, 6, 4, 2ன்னு டான்ஸ். ஒரு விஷயம், குளிர்ந்த பல்போட தடை எரியும்போது இருக்கறதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கும், அதனால நல்ல அடாப்டரே முதல் கணத்துல ஒரு தடவ திணறலாம், அது குத்தம் இல்ல. இது நிமிஷக்கணக்குல திணறுது. உள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட் "தாங்கல"ன்னு ஆஃப் பண்ணி, திரும்ப முயற்சி பண்ணி, திரும்ப ஆஃப் பண்ணுது.

ஆக 12.1ங்கறது வெறும் நடிப்பு.

அப்புறம் ரூட்டர் அடாப்டரையே கார்டுல குத்தினேன். குத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருக்கற அந்த வட்டப் படத்தைப் பாத்துக்கிட்டேன், நடுக்குச்சி பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு. ரெண்டும் நடு பிளஸ். லைட் வந்துருச்சு. லேப்டாப்ல பேர் வந்துருச்சு. இடிக்கு போர்டு ஒண்ணும் ஆகல.

தங்கச்சி வந்து, ஸ்டுடியோல ஏன் பைக் லைட் எரியுதுன்னு கேட்டா. வைஃபை ஏன் இல்லன்னு அடுத்த கேள்வி வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிட்டேன்.

ஜூன் 16, காலை

"இடில போன அடாப்டர்"னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன், இடியை நம்பறதுக்கு மனசு வரல.

ஏன்னா நாலஞ்சு மாசமாவே சின்னச் சின்ன சேட்டை. ரெண்டு கண்டென்சர் மைக்குக்கும் 48 வோல்ட் (கார்டுல இருந்து மைக்குக்குப் போற பேன்டம் பவர்) போட்டா எப்பவாச்சும் கார்டு ஒரு தடவ கட் ஆகி திரும்ப வரும். அப்ப லேப்டாப் போர்ட்டைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன். பேன்டம் பவர் ஒண்ணும் பெரிய தீனி இல்ல, மைக் ஒண்ணுக்கு நாலு மில்லி ஆம்ப்னு வெச்சா ரெண்டுக்கும் சேத்து அரை வாட் கூட இல்ல, 12 வோல்ட்டை 48ஆ மாத்தற நஷ்டத்தையும் சேத்தா 12 வோல்ட் பக்கம் 40 மில்லி ஆம்ப் சுமார். ஆனா ஏற்கனவே விளிம்புல நிக்கறவனுக்கு அதுவே போதும்.

இன்னொண்ணு, இந்தக் கார்டை நான் ஆஃப் பண்றதே கிடையாது. ஸ்விட்சு சோஃபாக்குப் பின்னாடி இருக்கு, யாரு குனியறது. மாசக்கணக்குல சூடாவே ஓடிட்டு இருந்துச்சு. அடாப்டருக்குள்ள வெளியேறும் பக்கம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருக்கும், உள்ள திரவம். வருஷம் ஆக ஆக திரவம் காயும், உள் தடை ஏறும். அந்தத் தடை சூட்டுல குறையும், குளிர்ல ஏறும். சூடா ஓடிட்டே இருக்கற வரைக்கும் எப்படியோ ஒப்பேத்திட்டு இருந்திருக்கு. கரண்ட் போய் ராத்திரி பூரா ஆறிப்போனதும் காலைல எழுந்திரிக்க தெம்பில்ல. பழைய ஸ்கூட்டர் மழை நாள் காலைல கிக் வாங்காம அடம் பிடிக்குமே, அதே கூத்து. ஜூன்ல இங்க காலைல 20 டிகிரி, மழை வேற.

கரண்ட் கட் ஆனதுனால "செத்த" பாதிக் கருவிங்க கதை இதுவாத்தான் இருக்கும்னு தோணுது. கரண்ட் கொல்லல, முன்னாடியே குத்துயிரா இருந்தது அப்ப வெளிய தெரியுது.

ஜூன் 16, மதியம்

மேல சொன்னதைச் சோதிச்சுட்டேன், வாயால மட்டும் பேசறதுல எனக்கு இஷ்டம் இல்ல. தங்கச்சியோட ஹேர் டிரையரை அடாப்டர் மேல அஞ்சு நிமிஷம் காட்டினேன், மூடியைத் திறக்காம, வெளிய இருந்துதான். நல்லா வெதுவெதுன்னு ஆனதும் பல்பை மாட்டினா… திணறித் திணறி எரிஞ்சுருச்சு! 10.8 வோல்ட். மின்விசிறிக்கு அடில வெச்சு ஆறவெச்சேன், திரும்ப டான்ஸ். கெபாசிட்டர்தான், சந்தேகமே வேண்டாம்.

நான் அந்த அடாப்டரை ஃபோம் பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல செருகி வெச்சிருந்தேன், சத்தம் வரக்கூடாதுன்னு. காத்தே இல்ல. இந்தக் கெபாசிட்டருக்கு 105 டிகிரில 1000, 2000 மணி நேரம்னு ஆயுள் போட்டிருப்பாங்க, சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு தோராயக் கணக்கு. ஃபோமுக்குள்ள புதைச்சா அந்தக் கணக்கு தலைகீழ். ஹோம் ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் ஒரு தடவ சோஃபாக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க.

ஜூன் 17

புது அடாப்டர் கதை. கம்பெனி அடாப்டர் வர ரெண்டு வாரம் ஆகும்னாங்க, கோஷ்டி ஞாயித்துக்கிழமை. எஸ்.பி. ரோட்டுல சிசிடிவி கேமராக்கு விக்கற 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் மலிவா கெடைக்குது, வாங்கினேன். வோல்ட் அதே இருக்கணும், ஆம்ப் கூட இருந்தா பரவால்ல, கார்டு தனக்கு வேணுங்கறதை மட்டும்தான் இழுக்கும். "2 ஆம்ப் போட்டா எரிஞ்சுருமா"ன்னு பயப்படாதீங்க. முனை சைஸ் பாத்து வாங்குங்க: வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் ரெண்டுலயும் ஒண்ணுதான், உள்ள ஓட்டை 2.1ம் இருக்கும் 2.5ம் இருக்கும். 2.5 முனை 2.1 குச்சில லூசா உக்காந்து விட்டு விட்டு வரும், அது புதுத் தலைவலி.

கார்டு எழுந்துச்சு, பல்பும் நிலையா எரிஞ்சுது. ஆனா ஹெட்போன்ல கேட்டுட்டே கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கற அளவு) ஏத்தினா மெல்லிசா ஒரு "ஈ…"ன்னு விசில். கேமராக்கு இது தெரியவே தெரியாது, மைக் சத்தத்தைப் பெருக்கற பிரீஆம்ப்புக்குத் தெரியும். மைக்கைக் கழட்டிட்டு கெயினை முக்கால்வாசி வெச்சு அரை நிமிஷம் வெறும் அமைதியை ரெக்கார்ட் பண்ணி, ஸ்பெக்ட்ரம்ல (எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டற படம்) பாருங்க. 50, 100 ஹெர்ட்ஸ்ல முள்ளு மாதிரி நின்னா எர்த், மெயின்ஸ் சமாச்சாரம். மேல எங்கயோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல நின்னா பெரும்பாலும் அடாப்டரோட ஸ்விட்சிங் இரைச்சல். எனக்கு மேலதான். மறுநாளே வேற கடைல கொஞ்சம் காசு கூடப் போட்டு, கைல கனமா இருக்கற ஒண்ணு வாங்கினேன். கனத்தை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, ஆனா உள்ள ஃபில்டர் காயில் இல்லாம வெறும் கூட்டா இருக்கறதை எடுக்காம தப்பிக்கலாம். விசில் போச்சு.

ஜூன் 18

எர்த் பத்தி ஒரு தம்பி கேட்டிருந்தாரு, லேப்டாப் மெட்டல் பாடியைத் தொட்டா லேசா கிர்ருனு வருதுன்னு. எங்க வீட்லயும் அதே. அடாப்டருக்குள்ள இரைச்சலைக் குறைக்க ஒரு சின்னக் கெபாசிட்டர் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளி பக்கத்துக்கும் பாலம் மாதிரி இருக்கும், அது வழியா மில்லி ஆம்ப்புக்கும் கம்மியா கசியும். மீட்டர்ல பாடிக்கும் எர்த்துக்கும் நடுவுல 90, 110 வோல்ட்னு காட்டி பயமுறுத்தும், ஆனா கரண்ட் இழுத்தா அந்த வோல்ட் நிக்காது. ஆளைக் கொல்லாது. ஆனா கார்டுல கிட்டாரை, ஜாக்கை பவர் ஓடும்போதே செருகும்போது அந்தப் பொறி எங்க இறங்கும்னு சொல்ல முடியாது. எல்லாம் மாட்டி முடிச்சிட்டு கடைசியா ஸ்விட்ச் போடுங்க.

மூணு பின் சாக்கெட் இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. எங்க ஓனர் வீட்ல எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல! ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தா 230 சுமார் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்குள்ள. எனக்கு ரெண்டும் தறிகெட்டுக் காட்டுச்சு. ஓனர்கிட்ட சொன்னா "இருவது வருஷமா யாரும் கேக்கலயே"ன்னாரு. எலக்ட்ரீஷியன் செலவு பாதி பாதின்னு பேசி முடிச்சிருக்கோம். இதை நீங்களே நோண்டாதீங்க.

ஜூன் 20

பழைய அடாப்டரைத் திறக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: திறந்தேன், ஆனா எலக்ட்ரானிக்ஸ் கை பழகினவங்க மட்டும். 230 வோல்ட்டை நேராக்கினா 325 வோல்ட் டிசி, அது உள்ள பெரிய கெபாசிட்டர்ல பிளக்கைப் புடுங்கின அப்புறமும் தேங்கி நிக்கும். ரெசிஸ்டர் வெச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பாத்துட்டுத்தான் விரல் வெக்கணும். மூடி ஒட்டியிருந்துச்சு, வைஸ்ல வெச்சு நெரிச்சதும் பிளந்துருச்சு. வெளி பக்கக் கெபாசிட்டர் ரெண்டுல ஒண்ணு தலை லேசா உப்பியிருக்கு, இன்னொண்ணு பாக்க புதுசு மாதிரி. ரெண்டையும் மாத்தினேன், 25 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்னு (உள் தடை கம்மியானது) கேட்டு. இப்ப பல்பு பளிச்னு எரியுது. ஆனா பிளந்த மூடியோட அதை வீட்ல ஓட்ட மாட்டேன், சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

ஜூன் 23

பாட்டு எடுத்தாச்சு. தவில்காரர் அடிச்ச அடில ஃபோம் ஒரு பலகை விழுந்துருச்சு. கார்டு விழல.

ஜூன் 24

ஒருத்தர் கிட்டார் பெடல் அடாப்டரைக் கார்டுல குத்திட்டேன், அப்ப இருந்து டெட்னு எழுதியிருக்காரு. பெடல் அடாப்டர் பெரும்பாலும் 9 வோல்ட், நடு மைனஸ். கார்டு நடு பிளஸ்னா தலைகீழா போயிருக்கு. பயப்படாதீங்க, பல கார்டுல உள்ள வாசல்லயே ஒரு காவல் டையோடு இருக்கும், அதுதான் முதல்ல உயிரை விடும். எல்லா ஒயரையும் கழட்டிட்டு, மீட்டரை பீப் மோட்ல வெச்சு கார்டோட பவர் சாக்கெட் ரெண்டு முனைக்கும் வைங்க. விடாம பீப் அடிச்சா ஏதோ ஷார்ட், பெரும்பாலும் அந்த டையோடுதான். மொபைல் போர்டு வேலை பாக்கறவர்கிட்ட குடுத்தா மாத்திடுவாரு. டையோடைக் கழட்டினாலே ஓடுதேன்னு அப்படியே விட்டுடாதீங்க, அடுத்த தடவ காவலுக்கு ஆள் இருக்காது. பீப் வரலன்னா பக்கத்துல ஃப்யூஸ் போயிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஜூன் 24, ராத்திரி

"என்னோடது 9 வோல்ட் அடாப்டர், பைக் பல்பு ஒத்துவருமா"ன்னு கேள்வி. எரியும், மங்கலா, ஆனா எத்தனை ஆம்ப் இழுக்குதுன்னு கணக்கு பிடிபடாது. ரெசிஸ்டர் வாங்குங்க. 9 வோல்ட் 500 மில்லி ஆம்ப்னா 18 ஓம், வெள்ளையா செங்கல் மாதிரி வர்ற சிமெண்ட் ரெசிஸ்டர், 10 வாட். நாலரை வாட் சூடு வரும், தொடாதீங்க, மேஜை மேல வெக்காம டைல்ஸ் மேல வைங்க. அப்புறம் அடாப்டர் மேல அவுட்புட் ஏசின்னு எழுதியிருக்கான்னு பாருங்க. பழைய மிக்ஸர், சில எஃபெக்ட் பெட்டிக்கெல்லாம் 9 வோல்ட் ஏசி அடாப்டர்தான் வரும், அதை மீட்டர்ல டிசி வெச்சு அளந்தா பூஜ்யம் காட்டும், நல்ல அடாப்டரைக் குப்பைல போட்டுடுவீங்க.